வட்டம் சிவப்பு, முக்கோணம் பச்சை

இரண்டு புடவைகளையும் இரண்டு கைகளில் ஏந்திக்கொண்டு கண்ணாயிரம் கண்ணாடி ஓட்டுக்கு நேர் கீழே நின்றிருந்தான். ஓட்டின் வழியே இறங்கிய காலை வெளிச்சம் ஒரு சாண் அகலத்துக்கு அவன் கைகளின் மேல் விழுந்தது. இடது கைப் புடவையை அதில் நீட்டிப் பார்த்தான். பிறகு வலது கையை நீட்டினான். இரண்டும் ஒரே கனம். இரண்டிலும் ஒரே கோபுரக் கரை, ஒரே சரிகை, ஒரே பாச்சை உருண்டை வாசனை. ஒன்று சிவப்பு, இன்னொன்று பச்சை என்பது அவனுக்குத் தெரியும். எது சிவப்பு என்பதுதான் தெரியவில்லை.

"இன்னாடா பண்ற உள்ள? குளிப்பாட்டி எவ்ளோ நேரமாச்சு. ஈரத்தோட கெடக்குறாடா பாவம். சீக்கிரம் எடுத்துக்கினு வா!"

கூடத்திலிருந்து அவனுடைய அக்கா செல்லியம்மாள் கூப்பிட்டாள். தென்னேரியில் கழனியும் மாடுமாக இருப்பவள். ஏரியின் அந்தக் கரையில் நிற்கிறவர்களைக் கூப்பிட்டுப் பழகிய குரல். அழுது அழுது கம்மிப் போயிருந்தும் அதற்குச் சுவர் ஒரு தடையாக இல்லை.

"தோ வரேங்கா."

சொன்னானே தவிர நகரவில்லை.

லோகாம்பாள் விடிவதற்குச் சற்று முன்பு போய்விட்டாள். ஐந்து மாதமாக வயிற்றில் கட்டி. பட்டணத்து ஆஸ்பத்திரியில் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் செய்வதற்கில்லை என்று அப்படியே தைத்து அனுப்பியிருந்தார்கள். எழுபத்திரண்டாம் வருஷத்து மாசி மாதம் அது. முந்தின நாள் சாயங்காலம்கூட அவள் இரண்டு வாய் கஞ்சி குடித்தாள். "உப்பு கம்மி" என்றாள். அவள் கடைசியாகப் பேசியது அதுதான்.

சுமங்கலியாகப் போகிறவளுக்குக் கல்யாணத்துக்குக் கட்டிய சிவப்புக் கூரைப்புடவையைக் கட்டித்தான் அனுப்ப வேண்டும். அதைத் தாலி கட்டியவனே பெட்டியைத் திறந்து தன் கையால் எடுத்துத் தர வேண்டும். மற்றவர்கள் பெட்டியில் கை வைக்கக் கூடாது. கண்ணாயிரத்தின் வம்சத்தில் அப்படி ஒரு வழக்கம். வழக்கத்தை ஏற்படுத்தியவர்கள், சிவப்பைக் கண்டுபிடிக்க முடியாத ஒருத்தன் அந்த வம்சத்தில் வந்து பிறப்பான் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

காஞ்சிபுரத்தில் கண் தெரியாமல்கூடப் பிழைத்துவிடலாம். நிறம் தெரியாமல் பிழைப்பது கஷ்டம். சாயப்பட்டறையில் முக்குகிறவனிலிருந்து கடையில் புடவையை உதறிக் காட்டுகிறவன் வரைக்கும் ஊரே நிறத்தில் சாப்பிடுகிறது. கண்ணாயிரத்துக்கு நீலம் தெரியும். மஞ்சள் தெரியும். சிவப்பும் பச்சையும் மட்டும் ஒரே மாதிரி, மழையில் ஊறிய செம்மண் என்று மற்றவர்கள் சொல்வார்களே, அவனைப் பொறுத்தவரை அந்த நிறத்தில் தெரியும். வெற்றிலையும் அதுதான், அதைப் போட்டுக்கொண்ட வாயும் அதுதான்.

பதினாலு வயதில் அவனைச் சாயப்பட்டறையில் சேர்த்துவிட்டார் அப்பா. காய்ந்த பட்டு நூல் கழிகளை நிறவாரியாகப் பிரித்துக் கட்டுகிற வேலை. மூன்றாம் நாளே பச்சைக் கழி ஒன்றைச் சிவப்போடு சேர்த்துக் கட்டிவிட்டான். யாரும் கவனிக்கவில்லை. அது பாவு ஓட்டி, தறியில் ஏறி, ஒரு முழம் நெய்த பிறகுதான் சிவப்புப் புடவையின் நடுவே பச்சைக் கோடு நீளமாக ஓடுவதைப் பார்த்தார்கள். அப்பாவைக் கூப்பிட்டுப் பேசக் கூடாததெல்லாம் பேசினார்கள். அன்று அப்பா அவனை வீட்டுத் தறிக்குழிக்குப் பக்கத்தில் வைத்து, அச்சுக் கட்டையால் அடித்தார். "வேணும்னு பண்ணியாடா? வேணும்னு பண்ணியா?" என்று கேட்டுக் கேட்டு அடித்தார். தன் கண்ணுக்கு என்ன குறை என்று அவனுக்கே அன்றுதான் பிடிபட்டது. அடி வாங்கிக்கொண்டு, "ஆமா, வேணும்னுதான் பண்ணேன்" என்று சொல்லிவிட்டான். கண் பழுது என்று சொல்வதைவிட அது அவனுக்குச் சுலபமாக இருந்தது.

பிறகு போர்டு எழுதப் போனான். வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து. அதில் ஒரு வம்பும் இல்லை. கை நன்றாக ஓடியது. அப்படியே சினிமாக் கொட்டகைக்கு ஸ்லைடு எழுதுகிறவனாக ஆனான். உள்ளங்கை அகலக் கண்ணாடித் துண்டு. அதில் கறுப்பு மையால் கோடு போட்டு, உள்ளே ஒளி ஊடுருவும் கலர் மையை நிரப்பி, மேலே இன்னொரு கண்ணாடியை மூடி, ஓரத்தில் காகிதம் ஒட்டினால் முடிந்தது. ஆபரேட்டர் அதைத் தலைகீழாகச் செருகுவான். கட்டைவிரல் அளவு வட்டம் திரையில் வண்டிச் சக்கரமாக நிற்கும். நல்வரவு, புகை பிடிக்காதீர், இடைவேளை, ஜவுளிக்கடை, சைக்கிள்கடை. ஒரு சூரியன், இரண்டு மலை, ஒரு வீடு. கோடெல்லாம் கண்ணாயிரம். கலர் லோகாம்பாள். கலர் லோகாம்பாள் என்பது அவர்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. பதினெட்டு வருஷம்.

"டேய் கண்ணாயிரம்!"

"ஒரு நிமிசங்கா."

முதல் தடவையும் இதே பெட்டிதான். இதே அக்காதான். கல்யாணமான நாலாம் நாள், மறுவீட்டுக்குக் கிளம்புகிற அவசரம். "கூரைய எடுத்துக்கினு வாடா, கட்டிக்கினு கெளம்பட்டும்" என்று செல்லியம்மாள் அவனைத்தான் உள்ளே அனுப்பினாள். கூரை நெய்த அதே தறியில், அதே கரை போட்டு, மருமகளுக்கென்று அப்பா ஆசையாக பாட்டில் பச்சை நிறத்தில் இன்னொரு புடவையும் நெய்து வைத்திருந்தார். அவன் எடுத்துவந்தது அதைத்தான். கூடம் நிறைய சொந்தக்காரர்கள். "கூரை கேட்டா பச்சய எடுத்துக்கினு வந்துக்கிறான் பாரு, இவன் கண்ணு எங்க இருக்குது?" என்று செல்லியம்மாள் சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. அவனையே பார்த்தார்.

அப்போது, நாலு நாளாக வாயே திறக்காத புதுப்பெண் தலையைக் குனிந்தபடி சொன்னாள்: "நான்தான் அண்ணி பச்சய கேட்டேன்."

அத்தோடு சிரிப்பு அவள் பக்கம் திரும்பியது. வந்ததும் வராததுமாகப் புருஷனை வேலை வாங்குகிறாளே என்றார்கள். அவள் பச்சையைக் கட்டிக்கொண்டு வந்தாள். ஜட்கா வாலாஜாபாத் தாண்டியதும் தன் கையில் அடுக்கியிருந்த கண்ணாடி வளையல்களில் இரண்டை ஒதுக்கிக் காட்டி, "இதுல எது செவப்பு?" என்று மெதுவாகக் கேட்டாள். அவன் வெளியே வயலைப் பார்த்தான். கொஞ்சதூரம் போனதும், "சரி, வுடுங்க. யாருக்கும் தெரிய வாணாம்" என்றாள். "பேரு மட்டும் கண்ணாயிரமாம்" என்று தனக்குள் சொல்லிச் சிரித்துக்கொண்டாள். அவனுக்கு அன்று உயிர் வந்தது. அதற்கு முன்னால் இருந்தது என்ன என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது.

மை புட்டிகளில் அடையாளம் ஒட்டியது அவள்தான். எழுத்தில் எழுதினால், வீட்டுக்கு வருகிறவர்கள் சிவப்பு மைக்கு எதற்குச் 'சிவப்பு' என்று பெயர்ப்பலகை என்று கேட்பார்கள். அதனால் பழைய காலண்டரில் கத்தரித்து ஒட்டினாள். சிவப்புக்கு வட்டம். பச்சைக்கு முக்கோணம். நீலத்துக்குச் சதுரம். பார்க்கிறவர்களுக்கு ஏதோ அழகுக்கு ஒட்டியது போல இருக்கும். அவள் வீட்டில் இல்லாத நாளில் அதை வைத்து அவன் சமாளித்துக்கொள்வான்.

ஒரே ஒரு நாள்தான் சமாளிக்க முடியவில்லை. குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஸ்லைடு கேட்டிருந்தார்கள். பெரிதாக ஒரு கவிழ்ந்த முக்கோணம், சிவப்பாக, அவ்வளவுதான். லோகாம்பாள் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். முக்கோணம் என்று நினைத்த மாத்திரத்தில் அவன் கை பழக்கத்தில் முக்கோணம் ஒட்டிய புட்டிக்குப் போய்விட்டது. சாயங்காலம் முதல் ஆட்டத்தில், ஊரெல்லாம் சிவப்பாகப் பார்த்த முக்கோணம் திரை நிறைய பச்சையாக நின்றது. தரை டிக்கெட்காரர்கள் விசிலடித்தார்கள். நாற்காலியில் சுகாதார இலாகாக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் ஊர் திரும்பி, வழியிலேயே விஷயத்தைக் கேள்விப்பட்ட லோகாம்பாள் கையிலிருந்த பையைக்கூட இறக்கி வைக்காமல் நேராகக் கொட்டகை ஆபீசுக்குப் போனாள். மேனேஜர் பாஷ்யம் ஐயங்கார், சின்ன காஞ்சிபுரத்துக்காரர், வேலையில் கறார். அவர் எதிரில் நின்று, "சாமி, அவரு சரியாத்தான் போட்டாரு. காய வச்சிருந்தத நான்தான் தட்டி ஒடச்சிட்டேன். திட்டுவாருன்னு பயந்து நானே கைக்குக் கெடச்ச மைய எடுத்து இன்னொண்ணு பூசி வச்சிட்டேன்" என்றாள். பாஷ்யம் கால் மணி நேரம் திட்டினார். முழுவதையும் நின்று வாங்கிக்கொண்டாள். அதற்கப்புறம் அவளைத் தெருவில் பார்க்கும்போதெல்லாம் அவர், "வாம்மா பச்சை முக்கோணம்" என்றுதான் கூப்பிடுவார். அவளும் சிரித்துக்கொண்டே போவாள்.

பெண்டாட்டிக்கு நன்றி சொல்லுகிற வழக்கம் அந்தத் தெருவில் யாருக்கும் கிடையாது. கண்ணாயிரமும் சொன்னதில்லை. அவள் இலையில் சோறு போடும்போது, போதும் என்று சீக்கிரம் சொல்லிவிடுவான், அவளுக்கு மிச்சம் இருக்கட்டும் என்று. அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு மத்தியானம், புது 'நல்வரவு' ஸ்லைடை ஆபரேட்டர் முனுசாமி வெறும் கொட்டகையில் போட்டுக் காட்டினான். இவர்கள் இரண்டு பேர் மட்டும் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார்கள். திரையில் மலைக்கு நடுவே சூரியன் எழுந்து நின்றது. அவள் சூரியனுக்குச் சிவப்பு பூசியிருந்தாள். வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தவள், "செவப்பு எவ்ளோ நல்லா இருக்குது தெரியுமா? எனக்கு செவப்புன்னா உசுருங்க" என்றாள்.

"பச்சதான ஒனக்கு?" என்றான் அவன். நல்ல நாள் கெட்ட நாள் எல்லாவற்றுக்கும் அவள் பச்சைதான் கட்டுவாள். ஊருக்கே தெரியும்.

"பச்சயா? கல்யாணத்தப்போ ஒருவாட்டி சொல்லிட்டேன் இல்ல, பச்சய கேட்டேன்னு. அப்பறம் செவப்பு கட்டுனா அண்ணி யோசிக்க மாட்டாங்க? அத்தினால அப்பிடியே புடிச்சிக்கினேன்." சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். "இன்னா இப்போ? போம்போது கூரையிலதான போவப் போறேன். அப்போ கட்டிக்கினாப் போச்சு." அவள் சிரித்தாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த நாள் இதுதான். பதினெட்டு வருஷம் அவனுக்காகப் பிடிக்காத நிறத்தைக் கட்டிக்கொண்டிருந்தவளுக்கு, இன்று ஒரே ஒரு தடவை அவன் சரியாக எடுத்துக் கொடுக்க வேண்டும். வேறு எதுவும் அவன் கேட்கவில்லை.

வெளிச்சத்தில் மறுபடி பார்த்தான். புட்டியில் ஒட்டியது போல இங்கேயும் ஏதாவது அடையாளம் வைத்திருப்பாளோ என்று இரண்டு முந்தானைகளின் மூலைகளையும் விரலால் தடவினான். ஒன்றும் இல்லை. அவள் பெட்டியைத் தானே திறந்து தானே எடுத்துக்கொண்டவள்; அங்கே அடையாளம் எதற்கு? பொதுவாக அவன் கண்ணுக்குச் சிவப்பு சற்று இருண்டு தெரியும். இடது கையில் இருந்தது ஒரு இழை இருட்டாக இருந்த மாதிரி பட்டது. அதுதான் என்று முடிவு செய்தான். வலது கையில் இருந்ததைப் பெட்டியில் போட்டுவிட்டுக் கூடத்துக்கு வந்தான்.

லோகாம்பாள் வாழையிலை மேல் கிடந்தாள். மஞ்சள் பூசியிருந்தார்கள். சுற்றிலும் பெண்கள் நான்கு பேர் பழைய சேலை ஒன்றை மறைப்பாகப் பிடித்திருந்தார்கள். தலைமாட்டில் மகள் அலமு உட்கார்ந்து அம்மாவின் ஈர முடியைத் துவட்டிக்கொண்டிருந்தாள். பதினாறு வயது. தெரு வாசலில் ஆண்கள். செருப்பைக் கழற்றிவிட்டு மாலையும் கையுமாக பாஷ்யம் நின்றிருந்தார், பக்கத்தில் முனுசாமி.

செல்லியம்மாள் திரும்பினாள். புடவையைப் பார்த்தாள்.

"இன்னாடா இது? கூரை கேட்டா பச்சய எடுத்துக்கினு வந்துக்கிற?"

வார்த்தை மாறாமல் அப்படியே கேட்டாள். அவளுக்குப் பழையது ஞாபகம் இருந்து கேட்டதில்லை. அவள் பேச்சே அப்படித்தான். இந்தப் பக்கம் கூரை கேட்ட அக்கா. அந்தப் பக்கம் பச்சை முக்கோணத்துக்குத் திட்டிய மேனேஜர். அந்த இரண்டு தடவையும் முன்னால் வந்து நின்றவள் இப்போது தரையில் கிடந்தாள்.

"அம்மாதான் அத்தே பச்சய கேட்டாங்க."

சொன்னது அலமு. தலையைக் குனிந்து, முடியைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்.

அந்தப் பழைய கதையை யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. அவன் சொல்லவில்லை, லோகாம்பாள் சொல்லியிருக்க மாட்டாள். ஆனால் இந்த ஐந்து மாதமும் படுக்கையில் கிடந்தபடியே அவள் அவன் நீட்டுகிற கண்ணாடியைப் பார்த்து, "அது இல்லங்க, வட்டத்த எடுங்க" என்று முனகிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தது இந்தப் பெண்தான். தெரியாமல் இருக்குமா? தெரிந்துகொண்டு, தெரிந்ததை வெளியே காட்டாமல் இருந்திருக்கிறாள். அப்படியே அம்மா.

"ஆமாமா, லோகுக்கு பச்சன்னா உசுராச்சே" என்றாள் மறைப்புப் பிடித்திருந்தவர்களில் ஒருத்தி. "சாவறவ கேட்டத குடுத்துடணும்." இன்னொருத்தி மூக்கைச் சிந்தினாள். செல்லியம்மாளுக்கு மனசு இல்லை. ஆனாலும் கையை நீட்டினாள். "சரி, குடு. அவ ஆச அது."

கண்ணாயிரம் கொடுக்கவில்லை.

கொடுத்திருந்தால் எல்லாம் மூடியிருக்கும். அல்லது, கலக்கத்தில் மாற்றி எடுத்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். யார் தப்பாக நினைக்கப் போகிறார்கள்? அது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அப்படிச் சொன்னால், செத்த தாயின் பேரில் மகள் பொய் சொன்னாள் என்று ஆகும். அவனுக்காக ஒருத்தி ஆயுசு முழுக்கப் பொய் சொன்னது போதாதென்று இப்போது இன்னொருத்தி தொடங்குகிறாள். இவளும் பிடிக்காத நிறத்தைக் கட்ட வேண்டுமா?

"இல்லக்கா" என்றான். மறுபடி சொன்னான். "அவ பச்சய கேக்கல. கொழந்த என்ன காப்பாத்த சொல்லுது. அவளுக்கு செவப்புதான் புடிக்கும். செவப்பு எது, பச்ச எதுன்னு எனக்குத் தெரியாதுக்கா. பொறந்ததுலேந்து தெரியாது. ரெண்டும் ஒண்ணா தெரியுது எனக்கு. அன்னைக்கும் அவ பச்சய கேக்கல. நான்தான் தெரியாம எடுத்துக்கினு வந்தேன்."

வாசலில் பேசிக்கொண்டிருந்த ஆண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். கண்ணாயிரம் வாசல் பக்கம் திரும்பினான். பாஷ்யத்தைப் பார்த்து, "சாமி, அந்த முக்கோணமும் நான் பண்ணதுதான். அவ அன்னைக்கு ஊர்லயே இல்ல. கலரெல்லாம் அவளுது. கோடு மட்டும்தான் என்னுது" என்றான்.

செல்லியம்மாள் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நினைவு பின்னால் போய்ப் போய் எங்கேயோ நின்றது.

"அப்போ... அந்தப் பாவு?"

"ஆமாக்கா."

"அப்பா ஒன்ன அந்த அடி அடிச்சாரேடா. நான்கூட கதவுக்குப் பின்னால நின்னுக்கினு, வாங்கட்டும்னு..." சம்பந்திகளான லோகாம்பாளின் தாய்வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள், மேனேஜர் நிற்கிறார் என்று எதையும் பார்க்காமல் தம்பியின் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு அழுதாள். காலையிலிருந்து அழுத அழுகை லோகாம்பாளுக்கு. இது பதினாலு வயதுப் பையனுக்கு. கண்ணாயிரத்துக்கும் அப்போதுதான் அழுகை வந்தது. நன்றாக அழுதான்.

பிறகு உள்ளே போய், பச்சையை வைத்துவிட்டு மற்றதை எடுத்து வந்தான். தப்பாக வர வழியில்லை, இருப்பதே இரண்டுதான். இருந்தாலும் மகள் பக்கத்தில் குனிந்து, எல்லாருக்கும் கேட்கும்படியே கேட்டான்.

"வட்டமா?"

"வட்டந்தாம்பா" என்றாள் அலமு.

அக்காவின் கையில் கொடுத்தான்.

கட்டி முடித்து மறைப்பை விலக்கியபோது பெண்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் "அம்மாடி" என்றார்கள். "எவ்ளோ எடுப்பா இருக்குது பாரேன், இத்தினி வருசம் கட்டாம வுட்டுட்டாளே" என்றாள் செல்லியம்மாள். கண்ணாயிரம் பார்த்தான். அவனுக்கு அவள் எப்போதும் போலத்தான் இருந்தாள். அழகாகத்தான் இருந்தாள். சிவப்பு எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவள் சொன்னதை அவன் நம்பினான்; பதினெட்டு வருஷமாக அவள் சொன்ன நிறத்தையெல்லாம் நம்பியவன்தானே. குங்குமத்தை எடுத்து நெற்றியில் வைத்தான். வட்டம் ஒழுங்காக வந்தது.

பாஷ்யம் மாலையை முனுசாமியிடம் கொடுத்து உள்ளே அனுப்பினார். தான் வாசலில் நின்றபடியே கைகூப்பினார். "தாயே, தெரியாம ரொம்பத் திட்டிப்புட்டேம்மா" என்றார். அப்புறம் கண்ணாயிரத்தைப் பார்த்து ஏதோ சொல்ல வந்து, அங்கவஸ்திரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "காரியமெல்லாம் ஆகட்டும். மெதுவா வா. ஸ்லைடு எங்கயும் ஓடிப்போகாது" என்றார்.

உச்சிக்கு முன்னால் தூக்கினார்கள். மேளம் முன்னால் போயிற்று. கொட்டகை வாசலைத் தாண்டும்போது பகல் ஆட்டத்து டிக்கெட்டுக்கு உட்கார்ந்திருந்தவர்கள் வரிசை கலையாமல் எழுந்து நின்றார்கள். யாருக்காக நிற்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. அவள் பூசிய சூரியனைப் பார்க்கத்தான் இன்னும் சற்று நேரத்தில் உள்ளே போகப் போகிறார்கள்.

வேகவதி ஆற்றில் தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான் இருந்தது. எல்லாம் முடிந்து, குளித்துவிட்டு ஈர வேட்டியோடு திரும்பி நடந்தபோது முனுசாமி அவனுக்குப் பக்கத்தில் வந்தான். ரொம்ப தூரம் கூடவே வந்தான்.

"அண்ணே, அந்த நல்வரவு ஸ்லைடுல, சூரியன் ஓரமா, ஒரு வெரல் ரேக இருக்குது. மையோட பதிஞ்சிட்டுக்குது. ஸ்க்ரீன்ல ஆளொசரம் வுழும். போட்ட நாள்லேந்து பாத்துக்கினுதான் இருக்கேன். உங்க வெரல்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

கண்ணாயிரம் நின்றான்.

"சின்ன வெரலுண்ணே. இப்பத்தான் தெரியுது. மேனேஜர் ஒருவாட்டி தொடைக்கச் சொன்னாரு. நான் மறந்தா மாதிரி வுட்டுட்டேன். இனிமே யாரு சொன்னாலும் தொடைக்க மாட்டேன்."

கண்ணாயிரம் அவன் தோளில் கையை வைத்தான். "நல்லா இருப்ப நீ" என்றான். இரண்டு பேரும் மறுபடி நடந்தார்கள்.

வீட்டில் கூடத்தைக் கழுவிவிட்டிருந்தார்கள். அவள் கிடந்த இடத்தில் விளக்கு எரிந்தது. செல்லியம்மாள் சம்பந்தி வீட்டிலிருந்து வந்த சோற்றை இலையில் வைத்துக்கொண்டு, "ரெண்டு வாயாவது சாப்புடுடா" என்றாள். சாப்பிட்டான். உப்பு சரியாக இருந்தது. அலமு அப்பளத்தை நொறுக்காமல் முழுசாக அவன் இலையில் வைத்தாள். அவளுக்கும் அம்மாவைப் போலவே அளவு தெரிந்திருந்தது. "போதும்மா, நீ சாப்புடு" என்றான். "நீங்க சாப்புடுங்கப்பா, இருக்குது" என்றாள்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கை கழுவிவிட்டுப் பெட்டியை மூட உள்ளே போனான். அவசரத்தில் திறந்தபடியே விட்டிருந்தான். கண்ணாடி ஓட்டின் வழியே இன்னும் கொஞ்சம் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. பெட்டியில் அந்த ஒரு புடவைதான் இருந்தது. காலையில் அவன் சுருட்டிப் போட்டுவிட்டுப் போனது. இப்போது யாரோ நீவி, நாலாக மடித்து வைத்திருந்தார்கள்.

எடுத்தான். விரல் தானாக முந்தானையின் மூலைக்குப் போயிற்று. அங்கே ஏதோ தட்டுப்பட்டது. வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தான். வெள்ளை நூலில் நெருக்கமான சின்னத் தையல். ஒரு பக்கம், அது போய் முட்டுகிற இடத்திலிருந்து இன்னொரு பக்கம். மூன்றாவது பக்கம் பாதி வரைக்கும் வந்திருந்தது. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருப்பார்கள், ஊசி நூலோடு அங்கேயே குத்தி நின்றது.

கூடத்தில் அலமு இலைகளை எடுக்கிற சத்தம் கேட்டது. கண்ணாயிரம் ஊசியை எடுக்காமல் புடவையை அதே மடிப்பில் மடித்து, அந்த மூலை மேலே தெரியும்படி பெட்டியில் வைத்தான். பெட்டியை மூடாமல் விட்டு வந்தான்.